மீட்டரில் நூற்றறுபது

என் தங்கை கணவருக்கு நண்பர்கள் வைத்த பெயர் நூற்றறுபது. அந்த வேகத்தைத் தொட்டதால் அல்ல, தொடாததால்.

அவருடையது ஐந்நூறு சிசி க்ரூஸர். தாழ்ந்த இருக்கை, அகன்ற ஹேண்டில், காலை நீட்டிக்கொண்டு ஓட்டலாம். சாவகாசமாக ஊர் சுற்றச் செய்த வண்டி. நெஞ்சை விரித்து உட்கார்ந்தால் காற்று மொத்தமும் ஆள் மேல்தான் மோதும். மீட்டர் நூற்றைம்பத்து மூன்றில் நின்றுவிடும். மாப்பிள்ளை விடுவாரா? ஞாயிறு விடிந்தால் புறவழிச்சாலை. பக்கக் கண்ணாடிகளைக் கழற்றிப் பார்த்தார். டேங்கின் மேல் குப்புறப் படுத்துப் பார்த்தார். தொந்தி குறைய இரவுச் சாப்பாட்டையும் விட்டார். வாரமெல்லாம் மூக்குக்கண்ணாடிக் கடையில் மில்லிமீட்டர் பிசகாமல் லென்ஸ் வெட்டுகிற மனிதருக்கு ஞாயிறன்று மட்டும் புத்தி எங்கே மேயப் போகிறது என்று எனக்கு விளங்கியதே இல்லை.

ஒருமுறை விழுந்து தோள் எலும்பு முறிந்தது. கட்டுப் பிரித்த வாரமே மறுபடி கிளம்பினார். தங்கை அழுது பார்த்தாள், பேசாமலிருந்து பார்த்தாள். கடைசியில் ஒரு வாக்குதான் கிடைத்தது.

“மீட்டர்ல ஒரே ஒரு தடவ நூத்தறுபதப் பார்த்துடறேன். அப்புறம் அந்த ரோட்டுப் பக்கமே போக மாட்டேன். போதுமா?”

அவள் நேராக என்னிடம் வந்தாள். “அண்ணா, அவரு அதப் பார்த்தே ஆகணும். இல்லன்னா பார்க்கறதுக்குள்ள போய்ச் சேர்ந்துடுவாரு.”

இருவரும் மெக்கானிக்கிடம் போனோம். அவர் கையைத் துடைத்தபடி யோசித்தார். “பின்னாடி நாலு பல்லு கூட இருக்கற பெரிய பல்சக்கரமா மாத்திடலாம்மா. இந்த வண்டில மீட்டர் கணக்கெடுக்கறது கியர்பாக்ஸ்லதான், சக்கரத்துல இல்ல. இஞ்சின் நல்லா சுத்தும், மீட்டர் கூட்டிக் காட்டும். வண்டி என்னவோ முன்ன விட மெதுவாத்தான் போகும்.”

சர்வீஸுக்கு விட்டிருந்த வண்டியில் காதும் காதும் வைத்தாற்போல் வேலை முடிந்தது. வெள்ளிக்கிழமை வண்டி வீட்டுக்கு வந்தது. ஞாயிறு காலை மாப்பிள்ளை போய்விட்டு வந்து ஹெல்மெட்டைக் கழற்றி, “பார்த்துட்டேன்” என்றார். சொன்ன சொல்லையும் காப்பாற்றினார்.

தங்கை முகத்தில் சதை பிடித்தது. ஆனால் வண்டி சர்வீஸுக்குப் போகும்போதெல்லாம் எனக்குப் போன் அடிப்பாள். விஷயம் தெரிந்தால் மறுபடி கிளம்பிவிடுவார் என்ற பயம். அடுத்த வருடம் செயின் தேய்ந்து அவரே பட்டறைக்குப் போனபோது, என்னைப் பின்னாலேயே விரட்டினாள்.

நான் போவதற்குள் பல்சக்கரம் தரையில் கிடந்தது. மெக்கானிக் திருதிருவென்று விழித்தார். “செயினோட இதையும் மாத்தணும். எது போடட்டும்?”

“கழட்டினது மாதிரியே போடுங்க. பெருசு” என்றார் மாப்பிள்ளை.

அவரை வெளியே இழுத்துப் போனேன். “எப்போலேர்ந்து தெரியும்?”

“மொத நாளே. சனிக்கிழம கடைக்கு ஓட்டிட்டுப் போனேன்ல? வீட்லேர்ந்து பதினோரு கிலோமீட்டர், மச்சான். அன்னிக்குப் பன்னண்டு காட்டுச்சு. ரோடா வளரும்? குனிஞ்சு பல்ல எண்ணினேன், நாலு கூட.”

வேகத்தைக் கூட்டிக் காட்டும் மீட்டர் தூரத்தையும் கூட்டும். அது எங்கள் மூவர் மண்டையிலும் உறைக்கவில்லை, மெக்கானிக் உட்பட.

“அப்போ அந்த ஞாயித்துக்கிழம?”

“போனேன். ஓரமா நிறுத்திட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் வீட்டுக்கு வந்து பார்த்துட்டேன்னு சொல்லிட்டேன்.” வண்டியின் பக்கம் பார்த்தபடியே பேசினார். “ஒரு சின்னப் பொய் சொல்லக்கூட வராது அவளுக்கு. அவ போய் இவ்வளவு செஞ்சிருக்கான்னா எப்படிப் பயந்திருக்கணும்? அழுதப்போ எனக்குப் புரியல, மச்சான். அவகிட்ட சொல்லிடாதீங்க. இப்பத்தான் நிம்மதியா தூங்கறா.”

இத்தனை நாள் இந்த மனிதரைக் கிறுக்கன் என்று சொல்லிக்கொண்டு திரிந்ததற்காக வெட்கப்பட்டேன்.

என் செல்போன் அடித்தது. தங்கைதான். “அண்ணா, கண்டுபிடிச்சுட்டாரா?”

மாப்பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்லம்மா. அவருக்கு ஒண்ணும் தெரியல” என்றேன்.