ஒற்றை இருமல்

சிமெண்டுத் தரையில் இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பரப்பியிருந்த தேயிலை பச்சையிலிருந்து செம்பு நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. மூக்கர் குனிந்து ஒரு கைப்பிடி அள்ளி முகர்ந்தார். முகர்வதுபோல் பாசாங்கு செய்தார் என்பதுதான் சரி.

இலையை எந்த நிமிடத்தில் அடுப்புக்கு அனுப்புவது என்று அந்த ஆலையில் சொல்பவர் அவர்தான். முந்தினால் டீயில் பச்சை வாடை அடிக்கும், பிந்தினால் சப்பென்று போகும். நிறம் ஏமாற்றும், மணம் ஏமாற்றாது. பழுத்த பழ மணம் எழுந்ததும் "எடு!" என்று கத்துவார். பட்டப்பெயரே அப்படி வந்ததுதான். அந்த மூக்கு செத்து எட்டு மாதமாகிறது. பக்கத்துச் சல்லடை அறைக்கும் இதற்கும் நடுவே கதவு கிடையாது. பதினெட்டு வருடத் தூள் அவர் மூக்கில்தான் குடியிருந்தது. கதவு கேட்டார்கள், முகக்கவசம் கேட்டார்கள். "பார்க்கலாம்" என்றார் மேனேஜர். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

விஷயம் தெரிந்தவள் மனைவி மட்டும். அதே தரையில் இலை கிளறுபவள். மணம் வந்ததும் ஒரு தடவை இருமுவாள், அவர் குரல் கொடுப்பார். அவர் வேலை போனால் அவர் பேரில் ஆலை கொடுத்த வீடும் போய்விடும். வீட்டில் மகள் நிறைமாதமாக இருக்கிறாள்.

அன்று டீயைச் சுவை பார்க்கும் நிபுணர் வந்திருந்தார். "இன்னைக்கு என் மானத்தைக் காப்பாத்துப்பா" என்று சொல்லிவிட்டு மேனேஜர் வாசலிலேயே நின்றுகொண்டார்.

சல்லடை ஓடத் தொடங்கியது. தூள் புகையாக வந்தது. மனைவி முந்தானையால் வாயைப் பொத்தினாள், மூச்சை அடக்கினாள். தொண்டை கேட்கவில்லை, இருமிவிட்டாள்.

"எடு!" என்றார் மூக்கர்.

இரண்டாவது இருமல் வந்தது, மூன்றாவது வந்தது. நான்காவதில்தான் அவருக்கு உறைத்தது. மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்ன சொல்லை விழுங்க முடியவில்லை. இலை அடுப்புக்குப் போய்விட்டது.

வெள்ளைக் கோப்பையில் தூள் போட்டு, புதுத் தண்ணீர் கொதித்த கையோடு ஊற்றி, ஐந்து நிமிடம் மூடி வைத்தார்கள். நிபுணர் உறிஞ்சினார், துப்பினார்.

"நல்ல டீக்கு இலையும் தண்ணியும் மட்டும் போதாதுங்க, பொறுமை வேணும். யாரோ அவசரப்பட்டிருக்காங்க."

மேனேஜர் மூக்கரைக் கூப்பிட்டுக் கண்ணை மூடச் சொன்னார். கழிவறைப் பினாயில் பாட்டிலைத் திறந்து முகத்தருகே நீட்டினார். "இது எப்படி இருக்கு?"

"நல்லா... பழுத்த வாசனை சார்."

யாரோ சிரித்தார்கள். மூக்கர் கண்ணைத் திறந்து பாட்டிலைப் பார்த்தார்.

"எத்தனை நாளாய்யா ஏமாத்துற?"

"எட்டு மாசமா!" மனைவி முன்னால் வந்தாள். "எட்டு மாசமா போன டீயில ஒரு குறை சொன்னீங்களா சார்? அந்த மூக்கை அவரு வீட்டுலயா தொலைச்சாரு? உங்க தூளுதான் தின்னுச்சு. கதவு போடுங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டோமே! இப்ப கறிவேப்பிலையாட்டம் தூக்கிப் போடுறீங்க!"

"உன்னையும் சேர்த்து அனுப்பணுமா?" என்றார் மேனேஜர்.

மூக்கர் அவள் கையைப் பிடித்து இழுத்தார். அவருக்கு வேலை போயிற்று. வீட்டைக் காலி செய்யப் பத்து நாள் கொடுத்தார்கள்.

மறுநாள் இலை கிளற அவள் மட்டும் வந்தாள். மேஸ்திரி அலுவலக அலமாரியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கி வந்து, மேலே படிந்திருந்த தூசியைத் துடைத்துப் பிரித்தார். உள்ளே முகக்கவசங்கள். ரசீதில் மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி இருந்தது. ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"இறுக்கிக் கட்டிக்க. நீ இருமுற எச்சில் டீயில பட்டா தரம் கெட்டுடுமாம்."