தொட்டி உப்புக் குடித்த குளிர்காலம்

ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில் உள்ள ஓர் அடுக்குமாடியின் ஏழாம் மாடியில், இக்னேசியஸ் வீட்டுக் கறிகளில் ஒரு குளிர்காலம் முழுவதும் உப்புத் தங்கவில்லை. சட்டியில் போட்ட உப்பு, சட்டியை இறக்கி வைத்த சற்று நேரத்தில், ஹோலின் மூலையில் இருந்த இருபது லீற்றர் கண்ணாடித் தொட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. முதலில் போனது சூடை மீன் குழம்பின் உப்பு. அடுத்த நாள் பருப்பின் உப்புப் போனது, அதற்குப் பிறகு ஊறுகாயின் உப்பு. அதே வாரம் வெங்காயம் விலை ஏறியிருந்தது. கட்டடத்தில் அதைப் பற்றித்தான் கூடுதலாகப் பேசினார்கள்.

இக்னேசியஸ் முப்பது வருடம் ட்ரக் ஓட்டியவர். அந்த ஆகஸ்டில், சொந்தக்காரப் பிள்ளை ஒன்றின் ஞானஸ்நான விருந்தில், ரோல்ஸ் வைத்த தட்டைக் கையில் பிடித்தபடி விழுந்தார். விழுந்தபோதும் தட்டை விடவில்லை. பிறசர் மிகவும் ஏறியிருந்தது. குடும்ப டொக்டர் ஒரு தமிழ்ப் பெண். அவர் சுற்றி வளைக்காமல் சொன்னார்: "அங்கிள், உப்பு உங்களுக்கு நஞ்சு. இன்னொருக்கா இப்பிடி ஏறினா மூளையிலை நரம்பு வெடிக்கும். குளிசை மட்டும் காணாது." வீட்டுக்கு வந்து சேர்ந்த இக்னேசியஸ், சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "உப்பில்லாமல் தின்ன நான் என்ன மாடே?" என்று கேட்டார். மாடும் உப்பு நக்கும் என்று மனைவி மக்டலீன் சொன்னாள். அன்று முதல் அவர் கருவாட்டைக் காரின் பின்பக்கத்தில், மேலதிகச் சில்லுக்குப் பக்கத்தில் ஒளித்து வைத்தார். தேசிக்காய் ஊறுகாய், குறடும் சாவியும் வைக்கும் ஆயுதப் பெட்டிக்குள் இருந்தது. கீழே கார் நிறுத்தும் இடத்தில் எல்லோருக்கும் அந்த மணம் தெரியும். மகன் அன்ட்ரூ ஞாயிறு தோறும் ஒஷாவாவில் இருந்து வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனான். மக்டலீன் அழுதாள். மகள் நதீஷா இரண்டும் செய்யவில்லை.

நதீஷா உயிரியல் படித்தவள். மார்க்கம் நகரில் ஒரு சோதனைக்கூடத்தில் குடிதண்ணீர் பரிசோதிக்கும் வேலை பார்த்தாள். ஒருவரிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும் என்றால் அதை மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்து, கடைசியில் சொல்லாமல் விடுகிற பழக்கம் அவளுக்கு இருந்தது. தகப்பனை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது, காத்திருக்கும் இடத்தில் ஒரு மீன் தொட்டி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் பிறசர் இறங்கும் என்று ஒரு தாதி யாரிடமோ சொன்னது அவள் காதில் விழுந்தது. உப்பைக் குறையுங்கள் என்று தகப்பனிடம் சொல்வதைவிட ஒரு சிறிய கடலைச் செய்து வைப்பது அவளுக்குச் சுலபமாக இருந்தது. தொட்டி வாங்கினாள். அடியில் மணல் பரப்பினாள். நுண்ணுயிர்கள் வாழும் துளைகள் உள்ள பாறைகளை அடுக்கினாள். காய்ச்சி வடித்த தண்ணீரில் கடல் உப்பைக் கரைத்து, ஒரு துளியைக் குழாய் போன்ற கருவியின் கண்ணாடியில் விட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். ஆயிரத்துக்கு முப்பத்தைந்து. கடலில் இருப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். பிறகு வாரக்கணக்கில் ஒன்றும் செய்யாமல் காத்திருந்தாள். மீன் விடுவதற்கு முன் அதன் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருக வேண்டும். இக்னேசியஸுக்கு அது விளங்கவில்லை. "வெறும் கல்லுக்கு லைற் பிடிக்கிறாய், பிள்ளை. உதென்ன, கல்லறைத் திருநாளே?" என்றார்.

நவம்பர் தொடக்கம் என்பதால், கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்தும் அந்தத் திருநாளும் அந்த வாரம்தான் வந்தது. நதீஷா வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில் மக்டலீன் மாதா படத்துக்குப் பின்னால் இருந்த சின்னப் போத்தலை எடுத்தாள். அதற்குள் மடு மாதா கோவில் மண் இருந்தது. பாம்பு கடித்தால் அந்த மண் நஞ்சை இறக்கும் என்பது மன்னாரில் பிறந்த மக்டலீனுக்குச் சிறுவயது முதல் தெரியும். அஜின்கோர்ட்டில் ஏழாம் மாடிக்குப் பாம்பு வருவதில்லை. ஆகவே கனடாவுக்கு வந்த நாளில் இருந்து போத்தல் திறக்கப்படவில்லை. மகள் தகப்பனுக்காகச் செய்கிற காரியம் பலிக்க வேண்டும் என்று நினைத்து, ஒரு சிட்டிகை மண்ணைத் தொட்டிக்குள் போட்டாள். "மாதாவே, இந்த மனிசனுக்கு உப்புத்தான் நஞ்சாம்" என்று விவரத்தையும் சொல்லி வைத்தாள். சோப்புப் போட்ட கையைக்கூட உள்ளே விடக்கூடாது என்று நதீஷா கட்டளை இட்டிருந்ததால், இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. மாலையில் தண்ணீர் சற்றுக் கலங்கியிருந்ததை நதீஷா கண்டாள். மணல் கிளம்பியிருக்கும் என்று நினைத்தாள்.

தண்ணீர் தெளிந்தது. சோதனைகள் சரியாக வந்தன. அவள் ஒரு நத்தையையும், பச்சை நிறத்தில் பொத்தான் பொத்தானாக விரியும் ஒரு பவளத்தையும், விரல் நீளத்தில் ஒரு கோபி மீனையும் வாங்கி வந்து விட்டாள். மீன் பாறையின் உச்சியில் இரண்டு செட்டையையும் ஊன்றிக்கொண்டு, எல்லோரையும் மேற்பார்வை செய்வது போல இருந்தது. கரையில் நின்று வள்ளக்காரரை வேலை வாங்கும் முதலாளியை நினைத்து, இக்னேசியஸ் அதற்குச் சம்மாட்டி என்று பெயர் வைத்தார். தன் சாய்கதிரையைத் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து இழுத்துவந்து தொட்டிக்கு முன்னால் போட்டார். உப்புப் போகத் தொடங்கியது அந்த வாரத்தில்தான்.

"மக்டலீன், குழம்புக்கு உப்புப் போட மறந்திட்டியே?"

"போட்டனான். என்ரை கையாலை போட்டனான்."

"அப்ப ஆர் எடுத்தது? சம்மாட்டியோ?"

மக்டலீன் தொட்டியைப் பார்த்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். நதீஷா தொட்டித் தண்ணீரின் உப்பை அளந்து பார்த்தாள். முப்பத்தாறு காட்டியது. தொட்டியில் தண்ணீர் ஆவியாகும்போது உப்புப் பின்தங்கும். அதனால் நன்னீர் மட்டும்தான் மேலே ஊற்ற வேண்டும். அவள் அப்படித்தான் ஊற்றி வந்தாள். ஏறுவதற்குக் காரணம் இல்லை. ஒரு சனிக்கிழமை, ஒரு கரண்டி உப்பைத் தட்டில் வைத்து மேசை நடுவில் விட்டுவிட்டுத் தேத்தண்ணீர் குடித்தாள். கோப்பை முடியும்போது தட்டு துடைத்தது போல இருந்தது. தொட்டியில் உப்பு அதற்கேற்ற அளவு கூடியிருந்தது. பிறகு சீனியை வைத்துப் பார்த்தாள். சீனி அப்படியே இருந்தது. இதைத் தவிர வேறு என்ன சோதனை செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

உப்பு கறியில் இருந்து மட்டும் போகவில்லை. இக்னேசியஸ் தொட்டிக்கு முன்னால் ஒரு மணி நேரம் இருந்து எழும்பினால், அவருடைய சேர்ட்டின் முதுகில் வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. அவர் உடுப்பு மாற்றுவதற்குள் அவையும் மறைந்தன. டிசம்பரில், நத்தாருக்கு முன், பிறசர் இளம் வயதுக்காரனுடையது போல வந்துவிட்டது. டொக்டர் ஒரு குளிசையைக் குறைத்தார். மக்டலீன் அழாமல் நித்திரை கொண்டாள். அன்ட்ரூ சத்தம் போடாமல் கேக் சாப்பிட்டுவிட்டுப் போனான்.

இந்த இடத்தில் இக்னேசியஸ் ஒரு காரியம் செய்தார். அவர் கருவாட்டைக் காரில் இருந்து மேலே கொண்டுவந்தார். "இனி என்ன பயம்? நான் தின்னுறன், அது இழுக்குது" என்றார். வீட்டுச் சாப்பாட்டில் உப்பு நிற்காததால் வெளியே போய்ச் சாப்பிட்டார். கொத்துரொட்டிக்கு மேலதிகமாக உப்புத் தூவச் சொன்னார். வயிறு நிறைய உப்பைக் கொண்டுவந்து தொட்டிக்கு முன்னால் கால் நீட்டிச் சாய்ந்தார். புதுவருடம் பிறந்தபோது நதீஷாவின் கருவி நாற்பதைத் தாண்டிக் காட்டியது. அவள் காலையில் வேலைக்குப் போகுமுன் பாதித் தண்ணீரை மாற்றினாள். மாலையில் வந்து மறுபடியும் மாற்றினாள். அதுவும் போதவில்லை. நத்தை செத்தது. பவளத்தின் பொத்தான்கள் ஒவ்வொன்றாக மூடின.

அப்போதுதான் மக்டலீன் மண் போட்டதை மகளிடம் சொன்னாள். நதீஷா கோபிக்கவில்லை. கண்ணாடிக்குள் இருந்த மணலைப் பார்த்து, "எவ்வளவு?" என்று கேட்டாள்.

"ஒரு சிட்டிகை."

மணலில் இருந்து ஒரு சிட்டிகை மண்ணைப் பிரித்தெடுக்க வழியில்லை. பிரித்தெடுக்கத்தான் வேண்டுமா என்பதும் அவளுக்குத் தெரியவில்லை. தொட்டியைக் கலைத்து மீனைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தால் மீன் தப்பும், அப்பாவுக்கு மறுபடியும் பிறசர் ஏறும். கலைக்காமல் விட்டால் உள்ளே இருக்கும் உயிர்கள் எல்லாம் சாகும். உயிர் இல்லாத தண்ணீர் எதையாவது இழுக்கும் என்று அவள் நம்பவில்லை. இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஒரு வாரத்தைக் கடத்தினாள்.

அந்த வாரம் ஒன்றும் தெரியாத அன்ட்ரூ தகப்பனைச் சில நாட்கள் தன்னுடன் வைத்திருப்பதற்காக ஒஷாவாவுக்குக் கூட்டிப்போனான். இக்னேசியஸ் அங்கேயும் வழக்கம் போலச் சாப்பிட்டார். சனிக்கிழமை காலை அவருக்குத் தலை இடித்தது, பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று அன்ட்ரூ சொன்னான். "என்னைச் சம்மாட்டியிட்டைக் கொண்டுபோய் விடு" என்று தகப்பன் சொன்னார். அன்ட்ரூ ஆஸ்பத்திரிக்குத்தான் வண்டியைத் திருப்பினான். ஆனால் பனியில் அந்த வீதி மூடிக் கிடந்தது, ரொறன்ரோப் பக்கம் மட்டும் திறந்திருந்தது. அஜின்கோர்ட் வந்ததும், வீட்டிலேயே இறக்கு என்று தகப்பன் பிடிவாதம் பிடித்தார். அவரைத் தாங்கிக்கொண்டு வந்து கதிரையில் இருத்தினார்கள். அவருடைய சப்பாத்தில் இருந்த பனி உருகி முடிவதற்குள் பிறசர் இறங்கியது. தொட்டிக்குள் சம்மாட்டி பாறையில் இருந்து விழுந்து, மணலில் பக்கவாட்டில் கிடந்து, வேகமாகச் செவுளை அடித்தது.

அன்ட்ரூ, "அப்பா, உங்களுக்கு எப்பிடி இருக்கு?" என்று கேட்டான். அவர் பதில் சொல்லுமுன் நதீஷா பேசிவிட்டாள். அவள் இவ்வளவு நீளமாகத் தகப்பனோடு பேசியது அதுதான் முதல் தடவை.

"அப்பா, நீங்கள் தின்னுறதெல்லாம் அது குடிக்குது. நான் எவ்வளவு தண்ணி மாத்தியும் காணாது. நீங்கள் நிப்பாட்டாட்டி அது செத்துப்போம். செத்தா உது வெறும் உப்புத்தண்ணி. பிறகு உங்களை ஆர் பாக்கிறது? எனக்கு வேறை ஒண்டும் தெரியாதப்பா."

இக்னேசியஸ் மகளைப் பார்க்கவில்லை. குனிந்து, கண்ணாடியில் மூக்கு முட்டும் அளவுக்குக் கிட்டப் போய் மீனைப் பார்த்தார்.

"சம்மாட்டிக்கு நோகுதோ?"

"ஓம்."

அவர் எழும்பிக் குசினிக்குப் போனார். கருவாட்டுப் பார்சல்களையும் ஊறுகாய்ப் போத்தலையும் இறுக மூடியிருந்த உப்பு டின்னையும் எடுத்துக்கொண்டு, நடைபாதையின் முடிவில் இருந்த குப்பைக் குழாய்க்குள் ஒவ்வொன்றாகப் போட்டார். கருவாடு கீழே இறங்கிப் போவதை ஒவ்வொரு மாடியும் மணத்தால் அறிந்தது. திரும்பி வந்து கதிரையைப் பின்னுக்கு, வாசல் வரைக்கும் இழுத்துப்போட்டு, அங்கே இருந்தார். டொக்டர் சொல்லி, மகன் சொல்லி, பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சுவாமியார் சொல்லியும் கேளாத மனிதர் அவர். மக்டலீனுக்குச் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. "நான் எவ்வளவு காலம் அழுதன். உந்த மீன் ஒருக்காப் படுத்துக் காட்டினது!" என்றாள். பிறகு சிரித்துவிட்டாள். அன்ட்ரூவும் சிரித்தான்.

நதீஷா வேலைக்கு லீவு போட்டாள். உப்பை ஒரேயடியாகக் குறைத்தாலும் மீன் சாகும் என்பதால், மெல்லிய குழாய் ஒன்றால் நன்னீரைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். இக்னேசியஸ் வாசலில் இருந்து பார்த்தார். மிளகும் தேசிக்காய்ப் புளியும் போட்ட கறியைச் சாப்பிட்டு, சவர்க்காரம் தின்கிறது போல இருக்கிறது என்று சொன்னார். ஆனால் சாப்பிட்டார். சம்மாட்டி முதலில் நிமிர்ந்தது. பிறகு மணலில் இருந்து சின்னப் பாறைக்குத் தாவியது. ஒரு ஞாயிறு பூசைக்குப் போய்விட்டு வந்து கதவைத் திறந்தபோது, அது தன் பழைய உச்சியில் இருந்தது. பவளத்தில் ஒரு பொத்தான் விரிந்திருந்தது. நதீஷா கோட்டுடன் நிலத்தில் இருந்து அழுதாள். கண்ணீர் உதட்டில் பட்டது. அதில் உப்பு இல்லை. அவள் அதையும் கவனித்துக்கொண்டாள். அதன் பிறகு நெஞ்சில் ஒரு பாரமும் இருக்கவில்லை. அன்று மத்தியானம் அந்த வீட்டில் நால்வரும் கிடந்த கிடந்த இடத்தில் நன்றாக நித்திரை கொண்டார்கள்.

தொட்டி உப்பு இழுப்பதை நிறுத்தவில்லை. இழுக்க அதிகம் இருக்கவில்லை, அவ்வளவுதான். பனி கரைந்தபோது பவளம் முழுவதும் விரிந்திருந்தது. இக்னேசியஸின் கதிரை பழையபடி தொட்டிக்குக் கிட்டப் போனது. விஷயம் மாடிக்கு மாடி பரவியதில் ஒருவரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. மே மாதத்தில் ஒன்பதாம் மாடிச் சீமோன் வந்து மணி அடித்தார். அவருக்கும் பிறசர். இக்னேசியஸ் கதவைப் பாதி திறந்து அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஐசே, பொக்கற்றுக்குள்ளை என்ன?"

"கச்சான்."

"உப்புக் கச்சானோ?"

"ரெண்டு கொட்டை ஐசே. அதுக்கு ஏன் பொலிஸ் மாதிரி நிக்கிறாய்?"

"சம்மாட்டிக்குக் கூடாது. மத்தியானம் என்ன சாப்பிட்டனீ?"

சீமோன் சொன்னார். உள்ளே இருந்து மக்டலீன், "இஞ்சருங்கோ, அந்த மனிசனை உள்ளுக்கு விடுங்கோவன்" என்றாள். இக்னேசியஸ் யோசித்தார். நாளையில் இருந்து உப்பைத் தொடுவதில்லை என்று சீமோனிடம் சத்தியம் வாங்கினார். சீமோன் கச்சான் கடலையை வெளியே, தன் சப்பாத்துக்குள் வைத்துவிட்டு வந்தார். நதீஷா இன்னொரு கதிரையைக் கொண்டுவந்து போட்டாள். இருவரும் தொட்டிக்கு முன்னால் இருந்தார்கள். சீமோனுடைய முதுகில் வெள்ளைக் கோடுகள் வந்து மறைந்தன. பிறகு மக்டலீன் தேத்தண்ணீர் கொண்டுவந்தாள்.