உப்பில்லாத மோர்

தயிர் வாளியின் மூடியைத் திறந்து தங்கராஜு முதலில் முகர்ந்து பார்த்தார். பிறகு சுண்டுவிரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தார். புளிப்பு சரியாக இருந்தது. அடுத்த வாளிக்கும் அப்படியே செய்தார். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தொரு வருடம் கியூசி என்னும் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் இரண்டு முறை பார்க்காமல் அடுத்த மேசைக்குத் தள்ளியதில்லை. ஆறு வாளி தயிர், நான்கு மூட்டை ஐஸ், இஞ்சி, கறிவேப்பிலை, பச்சை மிளகாய், காகிதக் கோப்பைகள் என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, வந்து சேர்ந்ததும் ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்திருந்தார். கடைசி வரி மட்டும் அடிபடாமல் இருந்தது. ‘அக்காவிடம் கேட்க வேண்டும்’ என்று எழுதி, அது போதுமா என்ற சந்தேகத்தில், ‘எப்படியாவது’ என்று பக்கத்தில் சேர்த்திருந்தார்.

தைப்பூசக் காலை. தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் சாலையில் அதற்குள் உறுமிச் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. பெரிய பந்தல்களில் ஒலிபெருக்கி, வண்ண விளக்கு, ஒரே மாதிரிச் சட்டை போட்ட ஆட்கள் எல்லாம் உண்டு. தங்கராஜுவுடையது இரண்டு மடக்கு மேசையும் ஒரு நீலக் கன்வாஸும்தான். அவருடைய அப்பா பழனியப்பன் தொடங்கிய தண்ணீர்ப் பந்தல் அது. பழனியப்பன் போட்ட சட்டம் இரண்டு. கை நீட்டியவருக்கு ஊற்ற வேண்டும், யார் என்று பார்க்கக்கூடாது. மோரில் உப்பு போடக்கூடாது. அவர் இறந்து இருபது வருடத்துக்கு மேலாகியும் இரண்டும் மாறவில்லை. “இந்தப் பந்தல்ல மட்டும் மோரு சப்புன்னு இருக்கும்லா” என்று சொல்லிக்கொண்டே ஆட்கள் வருடா வருடம் இங்கேயே வந்து குடித்தார்கள்.

ஏழு மணிக்கு மகள் லோகேஸ்வரி வந்தாள். பாயான் பாருவில் அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போகிறவள். கைப்பையை வாளிகளுக்குப் பின்னால் வைத்துவிட்டு முடியைத் தூக்கிக் கட்டினாள்.

“ப்பா, எலுமிச்ச?”

“பச்சப் பெட்டி.”

“கத்தி?”

“அம்மாகிட்ட.”

தீபாவளியிலிருந்து அவர்களுக்குள் பேச்சு இவ்வளவுதான். வெறும் பொருள்களின் பெயர்கள்.

தீபாவளியன்று சாப்பிட்டு எழுவதற்கு முன்பே அவள் சொல்லிவிட்டாள். பையன் பெயர் ஷஃபீக். கூட வேலை பார்க்கிறவன். சிம்பாங் அம்பாட்டில் வீடு. தமிழ் முஸ்லிம். ஏப்ரலில் கல்யாணம். “நான் மதம் மாறித்தான் ஆகணும்ப்பா, அது தெரிஞ்சுதான் சொல்றேன். நாலு வருஷமா யோசிச்சிட்டேன். நீங்க வரலன்னா கல்யாணத்த நிப்பாட்டிடுவேன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க வரணும்.” தங்கராஜு கை கழுவப் போனார். கத்தவில்லை. சம்மதமும் சொல்லவில்லை. மூன்று நாள் கழித்து மனைவி குணவதியிடம்தான் வாயைத் திறந்தார்.

“அவளுக்குப் புத்தி சொல்லு. எங்க அக்கா கதிதான் ஆகும்.”

குணவதி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். “உங்க அக்கா கதி என்னா?”

“இது என்னா கேள்வி?”

“தெரியாமத்தான் கேக்குறேன். நான் கட்டிக்கிட்டு வந்த நாளுலேருந்து இதையே சொல்றீங்க. அவங்களுக்கு என்னாதான் ஆச்சி? நல்லா இருக்காங்களா, நொந்து போனாங்களா? எத்தன பிள்ள?”

தங்கராஜு சிதறிக் கிடந்த வெங்காயத் தோலைக் கூட்டி ஒதுக்கினார்.

“கியூசி வேல பாத்த மனுஷன்,” என்றாள் குணவதி. “பெட்டியத் திறந்தே பாக்காம ரிஜெக்ட் சீல் குத்தி வச்சிருக்கீங்க.”

அந்தப் பேச்சு அவரைக் குடைந்துகொண்டே இருந்தது. அக்கா ஜெகதீஸ்வரி வீட்டை விட்டுப் போய் முப்பத்தெட்டு வருடம். அந்த வீட்டில் யார் கொஞ்சம் தாமதமாக வந்தாலும், எந்தப் பெண் கொஞ்சம் சிரித்துப் பேசினாலும், ‘ஜெகா மாதிரி ஆயிடாத’ என்பார்கள். ஜெகா எப்படி ஆனாள் என்று யாரும் போய்ப் பார்த்ததில்லை.

இதில் பெரிய வேடிக்கை, இப்படி எதிர்ப்பை மீறிக் கட்டிக்கொள்வதை ஆரம்பித்து வைத்ததே பழனியப்பன்தான். சிம்பாங் அம்பாட்டிலிருந்து கடல் பக்கமாகப் போனால் அந்தக் காலத்தில் ஒரு தென்னந்தோட்டம் இருந்தது. மழையில் முழங்கால் வரை சேறு. வெயிலில் அதே மண் வெடித்து, மேலே வெள்ளையாக உப்புப் பூக்கும். கிணற்றுத் தண்ணீரில் சோறு பொங்கினால் உலையில் உப்பே போட வேண்டாம். குடிதண்ணீர் நாளுக்கு ஒருமுறை மாட்டு வண்டிப் பீப்பாயில் வரும். முதலில் கங்காணி வீட்டுக் குடங்கள், பிறகு சாதிப்படி கூலி வீட்டு வரிசைகளான லயங்கள், ஒவ்வொன்றாக. கடைசி லயத்துக்கு வரும்போது பீப்பாயைச் சாய்த்துத்தான் பிடிக்க வேண்டும். பழனியப்பன் கடைசி லயம். அவருடைய தாய் காய்ச்சலில் கிடந்த வாரத்தில், விடியும்போதெல்லாம் அவர்கள் வாசலில் நல்ல தண்ணீர்க் குடம் ஒன்று நிறைந்து நின்றது. வைத்தவள் கங்காணியின் தங்கை மகள். காய்ச்சல் விட்ட பிறகும் குடம் வந்தது. விஷயம் தெரிந்து கங்காணி ஆட்கள் பழனியப்பனின் இடது கையை முறித்தார்கள். கட்டுப் போட்ட கையோடு அவர் அந்தப் பெண்ணைத் தேங்காய் லாரியில் ஏற்றி, ஃபெரியில் தீவுக்குக் கொண்டுவந்து, ஜெலுத்தோங்கில் குடித்தனம் வைத்தார். கோணலாகச் சேர்ந்த அந்தக் கையால்தான் பின்னால் இந்தப் பந்தலுக்கு முதல் கம்பம் நட்டார். “ஆயுசுக்கும் சேத்து அங்கயே உப்பக் குடிச்சாச்சி” என்பார் மோரைப் பற்றிக் கேட்டால்.

அப்படிப்பட்டவருடைய மகள், பாசார் சந்தைக்கு எதிரே சாப்பாட்டுக் கடையில் வேலை செய்த இப்ராஹிமைக் கட்டிக்கொள்ளப் போனபோது, இவர் புரிந்துகொள்வார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஜெகாவும் அப்படி நினைத்துத்தான் ஒளிக்காமல் சொல்லிவிட்டுப் போனாள். பழனியப்பன் அவளுடைய துணிகளைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார். இருபத்திரண்டு வயது தங்கராஜுவைச் சாமி படத்துக்கு முன்னால் நிறுத்தி, அவளோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று சத்தியம் வாங்கினார்.

அடுத்த தைப்பூசத்தில் அக்கா வரிசையில் நின்றாள். சேலைத் தலைப்பால் முக்காடு போட்டிருந்தாள். அகப்பை அப்பாவின் கையில் இருந்தது. யார் என்று பார்க்கக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். பழனியப்பன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நீட்டிய கையைப் பார்த்து ஊற்றிக் கொடுத்தார். அக்கா ஓரமாக நின்று குடித்துவிட்டுப் போனாள். அடுத்த வருடமும் வந்தாள். அப்பா போன பிறகு அகப்பை தங்கராஜுவிடம் வந்தது. அவரும் கையைத்தான் பார்த்தார். அக்காவின் வாழ்க்கையைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அந்தக் கை காட்டியது மட்டும்தான். ஒரு வருடம் அதன் அருகில் ஒரு பிஞ்சுக் கை நீண்டது. ஒரு வருடம் மணிக்கட்டுக்கு மேலே பெரிய தழும்பு. ஒரு வருடம் மருதாணி. போன வருடம் லேசான நடுக்கம். இதை வைத்து என்ன முடிவுக்கு வருவது? தழும்பு சமைக்கிறவளுக்கும் வரும், அடிபடுகிறவளுக்கும் வரும்.

பத்தரை மணிக்கு வரிசை சாலை வளைவு வரை நீண்டுவிட்டது. தங்கராஜு குனிந்த தலை நிமிராமல் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு கை, அடுத்த கை, அடுத்தது. தழும்பு உள்ள கை வந்தது.

அகப்பை கோப்பைக்கு மேலே அப்படியே நின்றது.

“அக்கா. நல்லா இருக்கியா?”

நீட்டிய கை அசையவில்லை. பின்னால் நின்ற ஆள் எட்டிப் பார்த்தார். “அண்ணே, குசலம் விசாரிக்கிறத அப்புறம் வச்சிக்குங்கலா. இங்க நாக்கு ஒட்டிக்கிச்சி.”

தங்கராஜு நிமிர்ந்தார். அக்கா மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாள். அதற்குள்ளே கண்கள் பெரிதாகத் தெரிந்தன. உதடு துடித்து, நின்று, பிறகு ஒரு பக்கமாகக் கோணியது.

“மோருல மொதல்ல உப்பு போடுடா,” என்றாள். “எத்தன வருஷமா சொல்லணும்னு இருக்கேன்.”

“அப்படிச் சொல்லுங்கம்மா,” என்றார் பின்னால் நின்றவர்.

குணவதி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள். “வாங்க அண்ணி, வழிய மறைக்காம இப்படி வாங்க. நான்தான் குணவதி. எனக்கு ஒரு சத்தியமும் இல்ல, நீங்க வாங்க.” கையைப் பிடித்து மேசைக்குப் பின்னால் கூட்டிவந்து பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார வைத்தாள்.

வரிசை நிற்காமல் வந்தது. தங்கராஜு ஊற்றிக்கொண்டே இருந்தார். காது மட்டும் பின்னால் இருந்தது.

“மூணு பிள்ளைங்க. பெரியவன் கோலாலம்பூர்ல. சின்னவன் கடையப் பாத்துக்குறான். பொண்ணு ஐனா டீச்சரா இருக்கா. அவரு நல்லாத்தான் இருக்காரு, பேச்சுதான் கொஞ்சம் அதிகம். எனக்குச் சக்கர, அவருக்குப் பிரஷர். ரெண்டு பேருக்கும் ஒரே டாக்டரு, ஒரே நாள்ல போயிட்டு வந்துடுவோம்.”

“இந்தத் தழும்பு என்னா அண்ணி?”

“மீன் பொரிச்ச எண்ண. சட்டியில தண்ணி இருக்கு, தள்ளி நில்லுன்னு அவரு சொன்னாரு. நான் எங்க கேட்டேன்?”

இருவரும் சிரித்தார்கள். தங்கராஜு ஒரு கோப்பையை வழிய வழிய ஊற்றி மேசையை நனைத்தார். இருபது வருடமாக அந்தத் தழும்பை எத்தனை விதமாகக் கற்பனை செய்து வைத்திருந்தார். இப்போது அதெல்லாம் வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஒரு முறை பார்த்தது போதாது. திரும்பாமலே கேட்டார்.

“அப்ப ஒரு கொறையும் இல்லியா அக்கா?”

அவள் ஒரு காவடி கடந்து போகும்வரை காத்திருந்தாள்.

“மொதல்ல அவங்க வீட்டுலயும் யாரும் மூஞ்சி குடுக்கல. பிள்ள பொறந்ததும் சரியாப் போச்சி. கொறைன்னு சொன்னா...” கோப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். “சண்ட வந்தா கோவிச்சிக்கிட்டுப் போறதுக்கு ஒரு வீடு இல்லடா. மத்தவளுங்க பையத் தூக்கிக்கிட்டு அம்மா வீட்டுக்குக் கெளம்பிடுவாளுங்க. நானும் பையத் தூக்குவேன். ஃப்ளாட்டு கீழப் படி வரைக்கும் வருவேன். அங்கேருந்து எங்க போறது? ஒரு தடவ ரொம்ப ரோஷம் வந்து பாலிக் பூலாவ் பஸ்ஸுல ஏறிட்டேன். கடைசி ஸ்டாப்புல டிரைவர், எங்க எறங்கணும்க்கான்னு கேட்டான். இதே பஸ்ஸுல திரும்பிப் போறேன்னு சொல்லி உக்காந்துட்டேன். வீட்டுக்கு வந்தா அவரு எனக்கும் சேத்து சோறு போட்டு வச்சிட்டு நிக்கிறாரு, நான் போனதே தெரியாம.”

குணவதி விழுந்து விழுந்து சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். எலுமிச்சை வெட்டிக்கொண்டிருந்த லோகேஸ்வரி சிரிக்கவில்லை. கத்தியைப் பலகையின் மேல் வைத்துவிட்டு அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கராஜுவுக்கும் சிரிப்பு வரவில்லை. காலியான ஒரு பேருந்தில், மடியில் பையோடு அக்கா உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. அன்றைக்கு, அதே நேரத்தில், ஜெலுத்தோங் வீட்டுக் கதவு திறந்துதான் கிடந்திருக்கும். அவர் உள்ளே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்திருப்பார்.

இன்னும் நாலைந்து பேருக்கு ஊற்றினார். பிறகு, “லோகா,” என்றார். “நீ காலையில எதுல வந்த?”

“மோட்டோர்லப்பா.”

“யாரு மோட்டோரு?”

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தயிர் வாளியைப் பார்த்தாள்.

“அவரு மோட்டோருதான். ரோட்டு முனையில நிக்கிறாரு. உங்களுக்குப் பிடிக்காது, இங்க வர வேணாம்னு சொல்லிட்டேன்.”

“ஏழு மணியிலேருந்தா?”

“ம்.”

தங்கராஜு அகப்பையைத் துடைத்தார். அதை யாரிடம் கொடுப்பது என்று ஒரு கணம் குழம்பினார். அதற்குள் அக்கா முழங்காலில் கை ஊன்றி எழுந்து வந்து அதை வாங்கிக்கொண்டாள். “குடுடா. நீ போயிட்டு வா.” வரிசையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். “வாங்கய்யா, அடுத்த ஆளு. குணவதி, உப்பு எங்க இருக்கு?”

“கொண்டுவரவே இல்ல அண்ணி.”

“பக்கத்துப் பந்தல்ல கேளு.”

கூட்டம் மலையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. தங்கராஜு எதிர்த்திசையில் நடந்தார். பால்குடங்களுக்கு வழிவிட்டு, ஒரு பெரிய காவடி திரும்பும்வரை வேலியோடு ஒட்டி நின்று, மறுபடியும் நடந்தார். உடைந்த தேங்காய்ச் சில்லுகள் செருப்புக்கு அடியில் நொறுங்கின. போய் என்ன பேசுவது என்று எதுவும் தயார் செய்திருக்கவில்லை. தாளிலும் அப்படி ஒரு வரி இல்லை.

சாலை முனையில் மர நிழலில் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. ஏழெட்டு இளைஞர்கள். எல்லாரும் ஒரே வயது, எல்லார் கையிலும் போன். மகள் அனுப்பிய படத்தை அவர் இன்றுவரை திறந்து பார்த்ததில்லை. இவர்களில் யார் என்று தெரியவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்றால், உறுமிச் சத்தத்தில் அவர் குரல் அவருக்கே கேட்காது.

ஒருவன் மட்டும் வண்டி மேல் உட்காராமல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். ஒல்லியான பையன், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நிழல் நகர்ந்துவிட்டதால் அவன் மேல் பாதி வெயில். வண்டியின் கைப்பிடியில் இரண்டு தலைக்கவசங்கள் தொங்கின, ஒன்று கறுப்பு, ஒன்று சின்னது, பெண்கள் போடும் இளநீலம். அவன் கைக்குட்டையை எடுத்து, முகத்தைத் துடைத்துக்கொள்ளாமல், அந்த இளநீலத் தலைக்கவசத்தின் மேல் விரித்து, வெயில் படாதபடி ஓரங்களை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தான்.