கறுப்பு முழிக்கு ஏறிய நரம்பு

நான் குடிப்பதில்லை. குருநகரில் கடலுக்குப் போகிற ஒருவன் இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். கள்ளு மணம் பட்டாலே எனக்கு வயிற்றைப் பிரட்டும், அதற்கு நான் என்ன செய்ய? ஆனால் எண்பத்து நாலாம் ஆண்டு தபசு காலத்தில் என் இடது கண் செவ்வரத்தம்பூ மாதிரிச் சிவந்து கிடந்தது. மற்ற நாளென்றால் ஒருவரும் கவனித்திருக்க மாட்டார்கள். உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின தபசு காலம் நாற்பது நாளும் எங்கள் ஆட்கள் போத்தலைத் தொடுவதில்லை. அந்த நேரம் பார்த்து இந்த யாகப்புவின் கண் சிவந்தால் ஊர் என்ன நினைக்கும்?

கோயில் மூப்பர் சிமியோன் வீட்டுக்கே வந்தார். பெரிய வெள்ளிக்குச் சொரூபம் தூக்க நான் வரவேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டேன். என் கண்ணைப் பார்த்துவிட்டு மண்ணைப் பார்த்தார். எனக்கு வந்த விசர்க் கோபத்துக்கு அவருடைய சைக்கிளைத் தூக்கிக் கடலில் போட்டிருப்பேன். என் மனைவி ஸ்ரெல்லா குறுக்கே நின்றாள்.

அதைவிட என்னைச் சுட்டது மாமி. ஸ்ரெல்லாவின் தாய் மதலேனா எங்களோடுதான் இருந்தார். கலியாணம் முடிந்து நாலு வருஷத்தில் மருமகனோடு நேரே ஒரு சொல் கதைத்ததில்லை. எல்லாம் மகள் மூலம்தான். அது மரியாதை, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்த மாசியிலிருந்து, நான் கடலால் வந்து குந்தினால் போதும், தேத்தண்ணியைத் தானே கொண்டுவந்து, குனிந்து, என் முகத்துக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவருவார். மூச்சுக்கூடப் படும். கள்ளு மணம் பிடிக்க வாறா மனுசி என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் கோப்பையைத் தட்டியும் விட்டேன்.

கண்ணோ மோசமாகிக்கொண்டே போனது. உறுத்தியது, நீர் வடிந்தது. வலை கட்டியிருக்கும் தடிகள் ஒன்று இரண்டாகத் தெரியத் தொடங்கின. தடி தெரியாதவன் கடலில் என்ன செய்வது? பயந்துபோனேன். ஆனால் வெளியே சொன்னால் குடிவெறியில் இரண்டாகத் தெரிகிறது என்பார்களே. வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

குருத்தோலை ஞாயிறன்று மாமி வழக்கம்போலக் குனிந்தார். நிமிரவில்லை. என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"தம்பி, உது வெறிச் சிவப்பில்லை. வெள்ளை முழியிலை நிண்ட நரம்பு கறுப்பு முழிக்கு ஏறிட்டுது. ஒவ்வொரு நாளும் பாத்துக்கொண்டுதான் வாறன். நாளைக்கு ஆசுப்பத்திரிக்குப் போவம்."

என்னோடு அவர் நேரே கதைத்த முதல் கதை அது. ஓம் என்று தலையாட்டினேன்.

வெயிலும் உப்புக்காற்றும் பட்டுப் பட்டு வளர்ந்த சதை என்றார் கண் டொக்டர். அதற்குள் ஓடுகிற இரத்த நரம்புகள்தான் அப்படிச் சிவந்து தெரிந்தனவாம். இன்னும் சில மாதம் விட்டிருந்தால் கண்மணியை மூடியிருக்கும் என்றார். அந்தக் கிழமையே வெட்டி எடுத்தார்கள். மூப்பர் பிறகு வந்து மன்னிப்புக் கேட்டது வேறு கதை.

உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு கட்டு அவிழ்த்தபோது சுவரில் இருந்த எழுத்து அட்டை ஒன்றாய்த் தெளிவாகத் தெரிந்தது. அழுகை வந்துவிட்டது. இதை யார் கண்டுபிடித்தது என்று டொக்டர் கேட்டார். வாங்குப் பலகையில் இருந்த மாமியைக் காட்டினேன். டொக்டர் சிரித்தபடி, அம்மாவின் கண் நல்ல கண் போல, அந்த அட்டையின் முதல் எழுத்தைச் சொல்லுங்கோ பார்ப்பம் என்றார்.

"எந்த அட்டை?" என்றார் மாமி.

டொக்டர் எழும்பிப் போய் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் வெண்புரை. முகத்தோடு முகம் வைத்தால்தான் ஏதாவது தெரியுமாம். ஒரு வருஷமாவது இப்படி இருந்திருக்கும் என்றார்.

மாமி மணம் பிடிக்க வரவில்லை. இருந்த கொஞ்சப் பார்வையையும் கொண்டுவந்து என் கண்ணுக்குத்தான் செலவழித்திருக்கிறார். நானோ கோப்பையைத் தட்டினேன். என்ன மனிசன் நான்.

"மாமி, ஏன் சொல்லேல்லை?" என்று நேரே கேட்டேன்.

"உங்கடை கண் உழைக்கிற கண். முதல் அது பிழைக்கட்டும் எண்டு விட்டன்."

மாமிக்கும் கண் வெட்ட ஒரு திகதி எழுதித் தரும்படி டொக்டரைக் கேட்டேன். தந்தார். வெளிவாசலில் படி இருந்தது. மருமகன் மாமியைத் தொட்டு நடத்தும் வழக்கம் எங்களிடம் இல்லை. நான் மாமியின் கையைப் பிடித்து, ஒவ்வொரு படியாகச் சொல்லிச் சொல்லி இறக்கி, சனம் பார்க்கப் பார்க்க பஸ் நிலையம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனேன்.