மேட்டுக்குள் ஒரு கட்டடம்

இந்தக் காலத்து ஆட்கள் செய்கிற வேலைகளை நம்ப முடியவில்லை. கட்டடம் ஒன்றைக் கட்டுகிறார்கள், பிறகு அது கண்ணில் படக்கூடாது என்கிறார்கள். எதற்கு ஒளிக்கிறாய் என்று ஒருவரும் கேட்பதில்லை.

லண்டனில், கிங்ஸ்பரிக்குப் பக்கத்தில், ஏரிக்கரையில், பறவை பார்க்க வருகிற சனத்துக்கென்று ஒரு மண்டபம். என் மகள் எமில்டா தனியாக வரைந்த முதல் கட்டடம் அது. திறப்புவிழாவுக்கு முன்பே என்னையும் என் மனைவி மேரிறோஸையும் கூட்டிப்போனாள். நான் பார்த்தேன், புல்மேடுதான் இருந்தது. மேட்டின் வயிற்றில் ஒரு கதவு.

"எங்க பிள்ளை உன்ரை கட்டடம்?"

"முன்னுக்குத்தானே நிக்குது, அப்பா. கூரைக்கு மேல மண் போட்டுப் புல் வளர்த்திருக்கு. ஹீட்டர் பெரிசாத் தேவையில்லை. பறவையளும் பயப்பிடாது."

"பறவை பயப்பிடாது. மனிசன்?"

அவள் முகம் சுருங்கிப்போனது. தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் நானும் தம்பி கிறிஸ்துராஜாவும் வீட்டு வளவுக்குள் பதுங்க ஒரு பங்கர் வெட்டினோம். பனங்குற்றி அடுக்கி, மண் போட்டு, பிளேனுக்குத் தெரியாமல் புல்லும் பதித்தோம். தெரியவில்லைதான். குண்டு பக்கத்து வளவில் விழுந்தது. அந்த அதிர்வில் மண் உள்ளே இறங்கியது. தம்பி உள்ளே இருந்தான்.

"பின்னுக்கும் ஒரு வாசல் வைச்சிருக்கிறன் அப்பா. உங்களை நினைச்சுத்தான். ஒருக்கா வாங்கோ."

"ஆர் இதுக்குப் பொறுப்பு நிண்டது?"

"எஞ்சினியர்மார் பாத்தவை."

"வெள்ளையளோ? அவைக்குக் குண்டைப் பற்றி என்ன தெரியும்?"

"இஞ்சையும் ஜெர்மன்காரன் குண்டு போட்டவனப்பா."

மேரிறோஸ் செருப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "விடு பிள்ளை. இந்த மனிசன் பிளேனிலையும் சிறகு ஆடுது எண்டு ஹீத்ரோ வரைக்கும் கத்திக்கொண்டு வந்தது." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மகள் கதவைப் பிடித்தபடி கொஞ்சநேரம் நின்றாள். பிறகு அவளும் போனாள்.

எவ்வளவு மண் போட்டிருக்கிறார்கள் என்று பார்க்க மேட்டில் ஏறினேன். குதிக்காலால் இடித்துப் பார்த்தேன். புல்லுக்கு நடுவில், உள்ளே வெளிச்சம் விழ ஒரு கண்ணாடிச் சாளரம். கீழே மேரிறோஸ் கதிரையில் இருந்தபடி, தேத்தண்ணிக் கோப்பையோடு மேலே பார்த்துச் சிரித்தாள். வா என்று கை காட்டினாள். எமில்டா கை காட்டவில்லை. என் சப்பாத்து அடிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் பின்வாங்கி இறங்கினேன். பின்வாசலையும் பார்த்தேன். இருந்தது, திறந்தும் இருந்தது. இன்றைக்குத் திறந்திருக்கும்.

பஸ் தரிப்பை நோக்கி நடந்தேன். தார் ரோட்டில் ஏறிய பிறகும், ஒருமுறை காலால் இடித்துப் பார்த்தேன்.