அக்கா சறுக்கிய இடம்

1

இந்தக் கதை எனக்குப் பல் மருத்துவரின் நாற்காலியில் கிடைத்தது. சொன்னவர் மருத்துவரம்மா, கதாநாயகர் அவருடைய கணவர். என் வாய் நிறையப் பஞ்சு, குறுக்கே ஒரு கேள்வி கேட்க வழியில்லை. ஆகவே இதில் எங்கேனும் ஓட்டையை அடைத்த தடம் தெரிந்தால், அது என் கைவேலை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'இசை என்பது மனிதகுலத்தின் ஆதி—'

நீங்கள் புத்தகத்தை மூடும் சத்தம் கேட்டது. அடித்துவிட்டேன்.

2

கணவர் ஒலிப்பதிவுக்காரர். அவருடைய அக்கா பாடகி. அக்காவின் பாட்டு எல்லாமே இவர் பதிவு செய்ததுதான். ஆனால் அக்காவின் கச்சேரிக்கு ஒருநாளும் போனதில்லை.

"ஹால்ல என்ன கேக்கும்? பக்கத்து சீட்டுக்காரர் தும்முறதுதான் கேக்கும். ஹெட்போன்ல அக்கா என் காதுக்குள்ளயே வந்து பாடுறா" என்பார்.

(ரொம்ப அலட்டல் பேர்வழியாக எழுதிவிட்டேனோ என்று எனக்கே ஒரு சந்தேகம். அடுத்த முறை பல்லைக் காட்டப் போனபோது அவரே வரவேற்பறையில் இருந்தார். அங்கே ஓடிக்கொண்டிருந்த பாட்டைக் கேட்டு, "பேஸ் ஜாஸ்தி" என்று சுவரிடம் குறைபட்டுக்கொண்டார். சந்தேகம் தீர்ந்தது.)

ஒருநாள் பதிவின் நடுவே அக்கா ஹெட்போனைக் கழற்றி வைத்தார்.

"இந்த ரூம் கண்ணாடித் தடுப்பப் பாத்தே பாடிப் பாடி அலுத்துப்போச்சுடா. சனிக்கிழமை ஹாலுக்கு வா. வரலைன்னா இனிமே இந்த ரூமுக்குள்ள கால் வைக்க மாட்டேன்."

"மிரட்டுறியா?"

"ஆமா."

3

போனார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான்.

"கச்சேரிக்கு வந்திருக்கோம். சோதனை போட வந்த மாதிரி உக்காராதீங்க" என்றார் மனைவி.

பக்கத்து இருக்கையில் பருத்த மனிதர் ஒருவர் மிட்டாய்க் காகிதத்தை அவசரமே இல்லாமல் பிரித்துக்கொண்டிருந்தார். மேடைக் கூரையில் ஒரு மின்விசிறி கறகறத்தது. அக்கா பாட, இவர் அந்தச் சத்தங்களை மனத்துக்குள் ஒவ்வொன்றாக வெட்டி எறிந்துகொண்டிருந்தார்.

[இந்த இடத்தில் மின்சாரத்தை நிறுத்தியிருந்தேன். இருட்டில், மைக் இல்லாமல் அக்கா பாட, தம்பி அழ... நீங்கள் எனக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். மின்சாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.]

நடந்தது வேறு. மெதுவான பாட்டு ஒன்று. அதில் ஓர் உச்சி. பதிவில் அதை ஏழெட்டுத் தடவை பாடவைத்து, நல்லதாகப் பொறுக்கி ஒட்டியிருந்தார் இவர். மேடையில் அந்த உச்சியில் அக்காவின் குரல் சறுக்கியது.

இவர் இருக்கையின் கைப்பிடியை இறுகப் பிடித்தார்.

"இருங்க, இன்னொரு தடவை" என்று சிரித்தார் அக்கா. பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல்: "விடாதீங்க!" அரங்கமே சிரித்தது.

மறுபடியும் சறுக்கியது. இப்போது யாரும் சிரிக்கவில்லை. மிட்டாய்க் காகிதம் பாதியில் நின்றது.

மூன்றாம் முறை அக்கா உச்சிக்கே போகவில்லை. கீழே இறங்கினார். இதுவரை எந்தப் பதிவிலும் இல்லாத ஒரு சந்துக்குள் நுழைந்து, தயங்கி, சுற்றி, எங்கோ போய் வெளியே வந்தார். தபலாக்காரர் ஓர் அடியைத் தவறவிட்டுத் தலையாட்டினார். அத்தனை பேரும் அடக்கிவைத்திருந்த மூச்சு ஒன்றாக வெளியேறியது.

ஒலிப்பதிவுக்காரரின் கை தானாகப் பின்னோட்டும் பொத்தானைத் தேடிப்போய் அழுத்தியது. அழுத்தியது பக்கத்துக்காரரின் முழங்காலை.

"பரவால்ல சார், எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்று அவர் ஒரு மிட்டாயை நீட்டினார்.

4

மேடைக்குப் பின்னால் ஓடினார்.

"அக்கா, அந்த இடத்த இன்னொரு தடவை பாடேன்."

"எந்த இடம்?"

"ரெண்டு தடவை சறுக்குனியே, அதுக்கப்புறம்."

"சறுக்கினது நல்லா ஞாபகம் இருக்கு. அப்புறம் என்ன செஞ்சேன்னு எனக்கே தெரியலடா."

(செல்போனில் யாராவது பிடித்திருப்பார்களே என்கிறீர்கள். ஒருவர் பிடித்திருந்தார். இவர் அதைக் கெஞ்சி வாங்கிக் கேட்டார். 'விடாதீங்க' மட்டும் அதில் மிகத் துல்லியம்.)

இவர் முனகிக் காட்டினார். "அப்படி இல்லீங்க, இன்னும் கீழ போனாங்க" என்று மனைவி வேறொன்றை முனகினார். அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு கேட்டார்:

"சரி, இப்பச் சொல்லு. நாளைக்கு நான் ஸ்டுடியோவுக்கு வரவா, வேணாமா?"

5

'வேணாம், நீ ஹால்லயே பாடு' என்று அவரைச் சொல்லவைத்தேன். பிழைப்பு போய்விடும், மருத்துவரம்மா என்னைச் சும்மா விடமாட்டார். கட்டிப்பிடித்து அழவைத்தேன். அழ வராத ஆளை எத்தனை நேரம்தான் கிள்ளுவது? ஸ்டுடியோவில் நாற்காலி போட்டு இருபது பேரை உட்காரவைத்து, மிட்டாய்க்காரரை முன்வரிசையில்—

அந்த அறை அத்தனை பேரைக் கொள்ளாது.

உண்மையில் அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். மூன்றே சொல். கேட்ட அக்கா முதலில் செருப்பைக் கழற்றினாராம்; பிறகு அதை மாட்டிக்கொண்டு தம்பியின் தலையைக் கலைத்துவிட்டாராம். அந்த மூன்று சொல்லையும் இங்கே எழுதிப் பார்த்தேன். அசையாமல் கிடந்தன.

வேண்டுமென்றால் நேரில் வாருங்கள், சொல்கிறேன். உங்களுக்கு முன்னால் வந்தவருக்குச் சொன்ன மாதிரியே உங்களுக்கும் சொல்வேன் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.