திரைக்குப் பின்னாலிருந்து

மனைவி இறந்தபின் முதல்முறையாக, மகள் பாஸிலாவுடன் நாகூர் போக அம்பாசிடரைக் கிளப்பிய அபுதாஹிர், வழக்கம்போல் "ஏறியாச்சா?" என்று கேட்டுவிட்டான்.

அது அவன் அத்தாவின் பழக்கம். சிறுவயதில் இதே பயணத்தில், பின்சீட்டில் இருக்கும் அம்மாவை யாரும் பார்க்காதபடி திரை கட்டியிருந்தது. மணப்பாறையில் டீ குடித்துவிட்டு, அம்மா ஏறிவிட்டதாக நினைத்து அத்தா வண்டியை எடுத்துவிட்டார். திருச்சியில்தான் தெரிந்தது. திரும்பி வந்தபோது அம்மா, "ஏன் வந்தீக? அந்தத் திரையோடயே குடும்பம் நடத்த வேண்டியதுதானே!" என்றாள். அன்றுமுதல் பின்னாலிருந்து குரல் வராமல் அத்தா கிளம்பியதில்லை.

அபுதாஹிருக்கு இத்தனை வருடமும் அந்தக் குரல் மனைவியுடையதாக இருந்தது. கியரில் வைத்த கை நகரவில்லை.

முன்சீட்டில் ஏறவந்த பாஸிலா, அதை விட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

"ஏறியாச்சு அத்தா, எடுங்க."

எடுத்தான்.